ஏடு இருந்த இடத்திலேயே இருக்க: பொம்மசந்திராவிலிருந்து ஒரு கணக்கு வரலாறு

சற்று நீண்ட பதிவு. பொறுமையுள்ள நண்பர்கள் படிக்கலாம். ஓசூர்ச் சாலையோரச் சிறுதொழில்களில் கணினி புகுந்த வரலாற்றைச் சில ஆண்டுகளாகத் தொகுத்துவருகிறேன். ஆய்வேட்டில் ஓர் அடிக்குறிப்பாக நிற்கவேண்டிய செய்தி, எழுத எழுத அடிக்குறிப்பில் அடங்காமற் போயிற்று. அதையே இங்கு விரித்திருக்கிறேன்.

2020 மார்ச் 24 இரவு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அப்போது பொம்மசந்திரா தொழிற்பேட்டையின் உள்தெரு ஒன்றில், வாகன உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் ஒரு சிறு பட்டறை இயங்கிவந்தது. பெயர் வேண்டாம். உரிமையாளர் பட்டறையின் மாடியிலேயே குடியிருப்பவர். கணக்கர் ஓசூர்க்காரர், எனக்கு அண்ணன் முறை. நாள்தோறும் ஜூஜூவாடியைக் கடந்து, அத்திப்பள்ளி வழியாகப் பேருந்தில் வந்துபோவார். மறுநாள் எல்லை மூடப்பட்டது. கணக்கர் ஓசூரில், கணக்கு பொம்மசந்திராவில். நிதியாண்டு முடிய ஏழு நாள் இருந்தது.

ஆண்டுக் கணக்கு மட்டுமெனில் பொறுத்திருக்கலாம். நடுவண் அரசு பல படிவங்களுக்கான கெடுவை ஜூன் 30 வரை நீட்டித்திருந்தது. ஊதியம் பொறுக்காது. முப்பத்தெட்டுத் தொழிலாளர்களின் வருகைப் பதிவு, மிகைநேரம், முன்பணப் பிடித்தம் யாவும் மாடிப்படிக்குக் கீழிருந்த ஒரே கணினியில் இருந்தன. பாதிப்பேர் பீகாருக்கும் ஒடிசாவுக்கும் திரும்பத் துடித்துக்கொண்டிருந்தனர். கையில் காசில்லாமல் எப்படிப் போவது?

உரிமையாளரின் மருமகன் கணினி அறிந்தவர். ஒரு வி.பி.என். இணைப்பை ஏற்படுத்தி, பட்டறைக் கணினியிலிருந்த டேலி கோப்புறையை அண்ணனின் மடிக்கணினியில் தெரியுமாறு செய்தார். அண்ணன் தம் வீட்டிலிருந்த டேலியைக் கொண்டு அந்தக் கோப்புறையைத் திறந்தார். ஒரு வவுச்சரைச் சேமிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆயிற்று. ஆனாலும் வேலை நடந்தது. மூன்றாம் நாள் மாலை ஓசூரில் மின்சாரம் போயிற்று, அதனோடு இணையமும் போயிற்று. மறுநாள் காலை அந்த நிறுவனத்தின் கணக்கு திறக்கவில்லை. எஞ்சியிருந்த காப்புப்படி பிப்ரவரி கடைசியில் எடுத்தது. மார்ச் மாதம் முழுவதையும் தாளிலிருந்து மீண்டும் ஏற்ற வேண்டியதாயிற்று. தாள்களோ பொம்மசந்திராவில். உரிமையாளர் ஒவ்வொரு பில்லாகக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்ப, அண்ணன் இரவும் பகலுமாகப் பதிந்தார். ஏப்ரல் 7-ஆம் நாள் கொடுக்கவேண்டிய ஊதியம் 16-ஆம் நாள் போய்ச் சேர்ந்தது.

யார் மேலும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. கணினி அறிந்த ஒருவர், நேர்மையான ஒரு கணக்கர், பொறுப்பான ஓர் உரிமையாளர். மூவரும் சரியாகத்தான் நடந்துகொண்டனர். பின் கணக்கு ஏன் கெட்டது? அந்தக் கேள்வியே என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தது.

விடை, பதிவு எங்கே இருக்கிறது என்பதிலும், அதைத் தொடும் நிரல் எங்கே ஓடுகிறது என்பதிலும் உள்ளது. சிறு அலுவலகங்கள் பயன்படுத்தும் தரவுத்தளங்களில் பெரும்பாலானவை கோப்பு வடிவிலானவை. பழைய டிபேஸ், ஃபாக்ஸ்புரோ, 1992-இல் வந்த மைக்ரோசாஃப்ட் அக்சஸ், கணக்குக்கு டேலி எல்லாமே இவ்வகை. இவற்றில் தரவைக் காத்து நிற்கும் தனிக் காவலன் கிடையாது. கோப்பு ஒரு கணினியில் இருக்கும். அதைப் படித்து, மாற்றி, திரும்ப எழுதும் நிரல் பயனரின் கணினியில் ஓடும். ஒரே அறையில் கம்பியால் இணைந்த நான்கு கணினிகளுக்கு இது போதும். ஓசூருக்கும் பொம்மசந்திராவுக்கும் நடுவே இணையத்தை வைத்தால் நடப்பது வேறு. ஒரு வரியைத் திருத்தப் பேரேட்டின் பல பக்கங்கள் ஓசூருக்கு வந்து, திருத்தப்பட்டு, திரும்பிப் போகவேண்டும். ஒரு வவுச்சரைச் சேமிப்பதென்றால் வவுச்சர்ப் பக்கம், பேரேட்டுப் பக்கம், அட்டவணைப் பக்கம் எனப் பல இடங்களில் எழுத்து விழவேண்டும். அவற்றுள் இரண்டு எழுதி மூன்றாவது எழுதுமுன் கம்பி அறுந்தால், கோப்பின் ஒரு பகுதி மறுபகுதியோடு பொருந்தாது. வி.பி.என். ஒட்டுக்கேட்பவரிடமிருந்து காக்கும், இடையில் அறுந்துபோவதிலிருந்து அதனால் காக்க இயலாது. மருமகன் பூட்டைச் சரியாகத்தான் போட்டார். வண்டியில் ஏற்றியது பேரேட்டையே என்பதுதான் சிக்கல்.

ரிமோட் டெஸ்க்டாப் என்னும் முறையில் பேரேடு நகர்வதில்லை. நிரலும் கோப்பும் பொம்மசந்திராக் கணினியிலேயே இருக்கும். ஓசூரிலிருந்து செல்பவை விசையழுத்தமும் சுட்டியின் அசைவும். ஓசூருக்கு வருவது திரையின் படம். இடையில் இணைப்பு அறுந்தால் படம் மறையும், அவ்வளவே. அங்கே நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். அரைகுறையாக அடித்த வவுச்சர் அப்படியே திரையில் காத்திருக்கும். மீண்டும் இணைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இத்தனைக்கும் இது 2020-இல் பிறந்த உத்தியன்று.

1961 நவம்பரில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவும் குழுவினரும் ஒரே கணினியைப் பலர் தத்தம் முனையத்திலிருந்து ஒருங்கே பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினர். பலர் ஒரே இயந்திரத்தில் கைவைத்ததும், ஒருவர் கோப்பை மற்றவர் தொடாதிருக்க வேண்டிய தேவை பிறந்தது. கணினிக் கடவுச்சொல்லின் தொடக்கத்தை அங்கேதான் வைக்கின்றனர். 1968 டிசம்பர் 9 அன்று டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோ மேடையில் அமர்ந்து, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் மென்லோ பார்க்கிலிருந்த கணினியை இயக்கிக் காட்டினார். விசையழுத்தங்கள் தொலைபேசித் தடத்தில் சென்றன. திரையின் படம் நுண்ணலை வழியாக வந்தது. அன்று அவர் கையிலிருந்த மவுஸ் என்னும் சுட்டியைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கோ அந்த 50 கிலோமீட்டரே வியப்பு. நம் பட்டறைக்கும் அண்ணன் வீட்டுக்குமுள்ள தொலைவு அதில் பாதிகூட இராது.

1971-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த 3270 முனையக் குடும்பம் இந்த முறையை அலுவலகங்களின் அன்றாடமாக்கியது. வங்கியிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தர் முன் இருந்தது பச்சை எழுத்துத் திரை. பதிவேடு முழுவதும் எங்கோ ஒரு பெருங்கணினியில்.

இனி பெங்களூருக்கு வரலாம். கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம், ஆர். கே. பாலிகாவின் முனைப்பில், 1978-இல் கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் கிராமங்களில் 332 ஏக்கரில் எலெக்ட்ரானிக் சிட்டியை அமைத்தது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தெற்கே, அதே ஓசூர்ச் சாலையில், ஆனேக்கல் வட்டத்தில் இருக்கிறது பொம்மசந்திரா. இரண்டும் ஒரே சாலையில் வளர்ந்தவை. ஆனால் தரவைக் கையாள்வதில் இரண்டும் வெவ்வேறு காலத்தில் வாழ்ந்தன.

1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் மில்லர்ஸ் சாலையில் தன் வடிவமைப்பு மையத்தைத் திறந்தது. செயற்கைக்கோள் வழியாக இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுடன் ஒரு தனித்தடம் அமைந்தது. அதுவரை அயல்நாட்டுக்கு மென்பொருள் வேலை செய்வதென்றால், பொறியாளர் விமானமேறவேண்டும் அல்லது காந்த நாடா விமானமேறவேண்டும். 1991 ஜூன் 5-ஆம் நாள் இந்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் என்னும் எஸ்.டி.பி.ஐ. உருவாகி, எலெக்ட்ரானிக் சிட்டியில் செயற்கைக்கோள் நிலையம் வைத்தபின், சிறிய மென்பொருள் நிறுவனங்களும் வாடகைக்குத் தடம் பெற்றன.

அக்காலத்தில் வழக்கமான ஒரு தடத்தின் திறன் வினாடிக்கு 64 கிலோபிட். இதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் வரலாறு விளங்கும். 64 கிலோபிட் என்பது வினாடிக்கு 8,000 எழுத்துகள். 20 மெகாபைட் கொண்ட ஒரு தரவுக் கோப்பை அதில் அனுப்ப 40 நிமிடத்துக்கு மேலாகும். 3270 முனையத்தின் வழக்கமான திரையோ 24 வரி, வரிக்கு 80 எழுத்து. மொத்தம் 1,920 எழுத்து. அது கால் வினாடியில் வந்துசேரும். ஆகவே பதிவேட்டை அமெரிக்காவிலேயே விட்டுவிட்டு, திரையை மட்டும் பெங்களூருக்கு வரவழைப்பதே சிக்கனமாயிற்று. 1990-களின் பிற்பகுதியில் 2000-ஆம் ஆண்டுச் சிக்கலுக்காக எண்ணற்ற நிரல்களைத் திருத்தியபோது, எலெக்ட்ரானிக் சிட்டியில் அமர்ந்தவர்களின் விரல்கள் நியூஜெர்சியிலிருந்த பெருங்கணினிகளில் வேலை செய்தன. பாதுகாப்பை எண்ணி இம்முறையைத் தேர்ந்தவர்களைவிட, தடத்தின் ஒடுக்கத்தால் இதற்குள் வந்தவர்களே மிகுதி என்பது என் கணிப்பு. பாதுகாப்பு அதனுடன் இலவசமாக வந்தது: வாடிக்கையாளரின் தரவு ஒரு பைட்டும் இங்கே தங்கவில்லை.

அதே ஆண்டுகளில் பொம்மசந்திராவில் கணக்கு ஃப்ளாப்பியில் பயணம் செய்தது. பெங்களூரிலேயே வளர்ந்த டேலிதான் இங்கும் பட்டறைகளின் கணக்குமொழி. ஷியாம் சுந்தர் கோயங்காவும் மகன் பரத் கோயங்காவும் 1986-இல் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. குறியெண்களை மனப்பாடம் செய்யாமல், கணக்கின் பெயரைக் கொண்டே பதிவிட முடிந்ததால், கணினி அறியாத கணக்கரும் அதைக் கையாண்டனர். மாதக் கடைசியில் 1.44 மெகாபைட் ஃப்ளாப்பிகளில் காப்புப்படி எடுத்து, வெள்ளைக் காகிதத்தில் சுற்றி, ஜெயநகரிலோ ஓசூரிலோ இருந்த ஆடிட்டர் அலுவலகத்துக்குக் கொடுத்தனுப்புவார்கள். கோப்பு பெரிதானால் நான்கைந்து ஃப்ளாப்பி. மூன்றாவதில் பூஞ்சை பிடித்திருந்தால் எல்லாம் வீண்.

ஆடிட்டர் தம் படியில் திருத்தம் செய்வார். அதற்குள் பட்டறையில் புதிய பில்கள் ஏறியிருக்கும். எது கடைசிப் படி? நான் பேசிய மூத்த கணக்கர் ஒருவர், ஃப்ளாப்பி உறையின் மேல் தேதியும் நேரமும் எழுதி, அதன் கீழ்ச் சிவப்பு மையில் ‘இது மெய்’ என்று எழுதுவாராம். ஒருமுறை ஒரே வாரத்தில் இரண்டு மெய்கள் உருவாகிவிட்டன என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று சிரித்திருக்க மாட்டார். ஃப்ளாப்பி போய்ப் பென் டிரைவ் வந்தது, பின்னர் மின்னஞ்சல் வந்தது. இரண்டு மெய்களின் தொல்லை மட்டும் தீரவில்லை.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. இதே பொம்மசந்திராவில்தான் நாராயண ஹிருதயாலயா மருத்துவமனை இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியாகச் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையின் நோயாளர்களை இங்குள்ள இதய மருத்துவர்கள் பார்த்தனர். அங்கே பதிவு பயணம் செய்தது, இதய வரைபடமும் ஊடுகதிர்ப் படமும் வானேறி வந்தன. பார்ப்பதற்காக அனுப்பும் படி ஒன்று. யாரும் அதைத் திருத்தித் திருப்பி அனுப்பப்போவதில்லை. கணக்கேட்டின் தொல்லை அதற்கு இல்லை. ஓசூர்ச் சாலையின் தொலைத்தொடர்பு வரலாற்றில் பலரும் எழுதுவது இந்தப் பகுதியை. தெருவுக்குள்ளிருந்த பட்டறைகளை யாரும் எழுதவில்லை.

ஏட்டை இடம்பெயர்க்கலாகாது என்ற எண்ணம் கணினிக்கு மிகவும் முற்பட்டது. கர்நாடகத்தில் சானுபோகர்களும் மடங்களும் வணிகர்களும் கணக்கெழுதிய ‘கடத’ பற்றி அறிந்திருப்பீர்கள். துணியில் புளியங்கொட்டைப் பசையும் கரியும் பூசிக் கருப்பாக்கி, விசிறிபோல் மடித்து, பலப்பத்தால் எழுதுவது. சிருங்கேரி மடத்தின் கடதங்கள் வரலாற்றாசிரியர்களுக்குப் பெருஞ்செல்வம். அது அழித்து எழுதக்கூடியது. ஆகவே யார் வசம் இருக்கிறது என்பதே அதன் நம்பகத்துக்கு அடிப்படை. இன்றைய கன்னட அலுவலக மொழியில் கோப்புக்குக் ‘கடத’ என்றே பெயர். கணினிக் கோப்புக்கும் அதுவே வழங்குகிறது. மொழியில் அந்த ஏடு இன்னும் மடிந்து கிடக்கிறது.

சட்டமும் இதே வழியில் வந்தது. 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 209-ஆம் பிரிவு, கணக்கேடுகள் நிறுவனத்தின் பதிவு அலுவலகத்தில் இருக்கவேண்டும் என்றது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 128-ஆம் பிரிவு அதையே தொடர்ந்து, மின்னணு வடிவையும் ஏற்றது. 2022 ஆகஸ்டில் விதி இறுகியது: மின்னணுக் கணக்கேடுகள் எந்நேரமும் இந்தியாவிற்குள் அணுகத்தக்கனவாக இருக்கவேண்டும், இந்தியாவிலுள்ள சர்வரில் நாள்தோறும் காப்புப்படி வைக்கவேண்டும். இருமுறை தள்ளிப்போடப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மற்றொரு விதி, கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் யாரால் எப்போது என்ற தடத்துடன் பதிவாகவேண்டும், அத்தடத்தை அணைக்க இயலக்கூடாது என்கிறது. கடதத்தை ஈரத்துணியால் துடைக்கலாம். இதைத் துடைக்கக் கூடாது. பொம்மசந்திராவின் பட்டறைகளுள் பல தனியுடைமையோ கூட்டாண்மையோ ஆகையால் இவ்விதிகள் அவற்றைக் கட்டா. ஆயினும் அவர்களின் ஆடிட்டர்கள் அதே பழக்கத்தை அங்கும் கேட்கத் தொடங்கிவிட்டனர்.

முனையத்தின் தத்துவம் சிறு அலுவலகத்தின் கைக்கெட்டியது எப்போது? ஐ.பி.எம்.மில் பணியாற்றிய எட் இயாகோபுச்சி 1989-இல் சிட்ரிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒரே விண்டோஸ் கணினியில் பலர் தொலைவிலிருந்து வேலை செய்யும் நுட்பம் அங்கு முதிர்ந்தது. மைக்ரோசாஃப்ட் 1997-இல் அந்நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டு, 1998-இல் விண்டோஸ் என்.டி. 4.0-வின் டெர்மினல் சர்வர் பதிப்பை வெளியிட்டது. ரிமோட் டெஸ்க்டாப் நெறிமுறையான ஆர்.டி.பி. பிறந்தது அப்போதுதான். 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி புரொஃபெஷனலில் அது சேர்ந்தே வந்தது. பொம்மசந்திராவில் விற்ற கணினிகளிலும் இருந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை. 2005-இல் பி.எஸ்.என்.எல். அகன்ற அலைவரிசை தொடங்கும்வரை திறந்திருந்தாலும் பயனில்லை. 2009-இல் டேலி ஈ.ஆர்.பி. 9 தொலைவிலிருந்து அணுகும் வசதியைத் தானே கொண்டுவந்தது. சிலர் கையாண்டனர். பெரும்பாலோர் பென் டிரைவிலேயே நின்றனர். பக்கத்து ஊர்தானே, பேருந்து இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான், 2020 மார்ச் வரை.

பெரிய நிறுவனங்களுக்கோ தடை வேறிடத்தில் இருந்தது. அழைப்பு மையங்களும் பிற தொலைப்பணி நிறுவனங்களும் தொலைத்தொடர்புத் துறையில் ‘பிற சேவை வழங்குநர்’ என்று பதிந்திருந்தன. ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்யவேண்டுமெனில் பாதுகாப்பு வைப்புத்தொகை, உடன்படிக்கை, அங்கீகரிக்கப்பட்ட தனித்தடம் என நிபந்தனைகள் இருந்தன. 2020 மார்ச் 13-இல், ஊரடங்குக்குப் பதினொரு நாள் முன்பு, துறை இவற்றைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. நவம்பர் 5-இல் புதிய நெறிமுறை வந்தது. தரவு சார்ந்த பணிகள் பதிவுத் தேவையிலிருந்தே விலக்கப்பட்டன. எலெக்ட்ரானிக் சிட்டிக்கு முப்பதாண்டுப் பழக்கமும் பதினொரு நாள் அவகாசமும் இருந்தன. பட்டறைத் தெருவுக்கு இரண்டும் இல்லை.

அண்ணனின் பட்டறையில், கெட்ட கணக்கைச் சரிசெய்தபின், மருமகன் முறையை மாற்றினார். வி.பி.என். அப்படியே இருக்க, அதன் வழியாகப் பட்டறைக் கணினியின் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைந்தார் அண்ணன். வவுச்சர் உடனுக்குடன் சேமித்தது. ஏப்ரல் மாதத்தில் மட்டும் இணைப்பு எத்தனையோ முறை அறுந்தது. கணக்குக்கு ஒரு கீறலும் இல்லை.

இரண்டு தெரு தள்ளி வேறொரு பட்டறை. அங்கும் ரிமோட் டெஸ்க்டாப்தான். ஆனால் வி.பி.என். இல்லை. ரவுட்டரில் ஆர்.டி.பி.க்குரிய 3389-ஆம் வாயிலை நேரே இணையத்துக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். கடவுச்சொல் நிறுவனப் பெயரும் 123-உம். ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை எல்லாக் கோப்புகளும் பூட்டப்பட்டு, பணம் கேட்டு ஓர் ஆங்கில ஓலை மேசைத்திரையில் கிடந்தது. காப்புப்படி எடுத்த வன்தட்டு அதே கணினியில் செருகியிருந்தது, அதுவும் பூட்டப்பட்டது. அந்த உரிமையாளர் பதினோராண்டுக் கணக்கை இழந்தார். வரவேண்டிய பாக்கிகளை வாடிக்கையாளர்களிடம் ‘உங்கள் ஏட்டில் எங்களுக்கு எவ்வளவு?’ என்று கேட்டுத் தொகுத்தார். சிலர் உண்மையைச் சொன்னார்கள்.

இந்த அபாயமும் புதிதன்று. 2019 மே மாதத்தில் ஆர்.டி.பி.யில் ‘புளூகீப்’ எனப்பட்ட ஓட்டை வெளிப்பட்டபோது, 2014-இலேயே ஆதரவை நிறுத்திவிட்ட எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. அத்தனை பழைய கணினிகள் வாயிலைத் திறந்துவைத்து இருந்தன என்பதே அதன் பொருள். ஏடு நகராமல் இருந்தால் ஏட்டுக்கு நல்லது. ஆனால் ஏடிருக்கும் அறைக்கு இணையமெங்கும் வழி திறந்துவிட்டால், திருடன் ஏட்டைத் தூக்கிச் செல்லவேண்டிய தேவையே இல்லை. உள்ளே வந்து கணக்கர் நாற்காலியில் அமர்ந்துகொள்கிறான்.

இதைப் படிப்போருள் பட்டறையும் கடையும் நடத்துவோர் இருப்பீர்கள். பலரிடம் கேட்டறிந்தவற்றை இங்கே வைக்கிறேன். வாயில் இணையத்துக்கு நேரே திறந்திருக்கலாகாது, வி.பி.என். அல்லது அதற்கான நுழைவாயில் சர்வர் முன்னே நிற்கவேண்டும், கைப்பேசிக்கு வரும் இரண்டாம் சான்றுடன். ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் வேண்டும். எல்லாரும் ஒரே பெயரில் நுழைந்தால் திருத்தத் தடத்துக்குப் பொருளே இல்லை. இணைப்பின்போது வீட்டுக் கணினியின் வட்டுகளும் நகல்-ஒட்டு வசதியும் அங்கே சேர்ந்து தெரியும் ஏற்பாடு உண்டு. அதை அணைக்காவிட்டால், முன்வாசலில் விரட்டிய பென் டிரைவ் பின்வாசலில் திரும்பிவிடும்.

பலர் அறியாத ஒன்று: சன்னலை மூடுவதும் வெளியேறுவதும் வேறு வேறு. சன்னலை மூடினால் அமர்வு அங்கே உயிரோடிருக்கும், கோப்பும் திறந்தே இருக்கும். மறுநாள் மற்றவர் வந்தால் கோப்பு பூட்டியிருப்பதாகச் சொல்லும், இரவுக் காப்புப்படியும் தவறலாம். வேலை முடிந்தால் முறையாக வெளியேறவேண்டும். இன்னொன்று: சாதாரண விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒருவரே அமரலாம். இரண்டாமவர் நுழைந்தால் முதலாமவர் வெளியே தள்ளப்படுவார். இதைச் சுற்றிக் கடக்க ஒட்டுவேலை மென்பொருள்கள் தெருவில் உலவுகின்றன. உரிமத்துக்கும் பாதுகாப்புக்கும் இரண்டுக்குமே கேடு. பலர் வேலை செய்வதானால் சர்வர் பதிப்பும் ஆளுக்கொரு உரிமமும் வாங்குவதைத் தவிர வழியில்லை. செலவு பிடிக்கும் என்பதை மறைக்கவில்லை.

2022 ஏப்ரல் 28-இல் சி.இ.ஆர்.டி.-இன் பிறப்பித்த ஆணைப்படி, நிறுவனங்கள் இத்தகைய ஊடுருவலை ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்கவேண்டும். 180 நாள் பதிவுகளைக் காத்துவைக்கவேண்டும். இரண்டாம் பட்டறைக்காரரிடம் இதைச் சொன்னேன். ‘அன்றைக்கு எனக்கு எது நடந்ததென்று புரியவே ஆறு நாள் ஆனது, தம்பி’ என்றார்.

2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. ஓசூர் வரை இன்னும் இல்லை. அண்ணன் இப்போது வாரம் ஒருநாள் மட்டும் பேருந்தில் வந்து தாள்களைப் பார்க்கிறார். மற்ற நாள்களில் ஓசூர் வீட்டுத் திண்ணையிலிருந்து அதே மாடிப்படிக் கணினியில் பதிகிறார். அதற்கொரு யு.பி.எஸ். வாங்கியாயிற்று. காப்புப்படி இரவில் எடுக்கப்பட்டு வேறிடம் போகிறது. வன்தட்டு ஒன்றும் உண்டு. எடுத்தவுடன் கழற்றி, உரிமையாளரின் மனைவி பூசையறை அலமாரியில் வைக்கிறார்.

ஓசூர், அத்திப்பள்ளி, சந்தாபுரம், ஜிகணிப் பகுதிகளில் 1990 முதல் 2010 வரை கணக்கராகவோ ஆடிட்டர் அலுவலக உதவியாளராகவோ இருந்தவர்கள் இதைப் படித்தால், ஃப்ளாப்பி சுமந்த நினைவுகளைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். பழைய ஃப்ளாப்பிகளோ, அவற்றின் மேல் எழுதிய உறைகளோ வைத்திருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது எனக்கு வேண்டாம். உறையின் படம் போதும்.